ஒரு நாளைக்கு 5 முட்டை

2021 மார்ச்சில் வீட்டுக் கடன் வாங்கினோம். 12 லட்சம், 7 சதவீத வட்டி, 20 வருடம். மாதம் 9,304 ரூபாய் 5-ஆம் தேதி தானாகப் போய்விடும். அதுதான் ஒழுங்காகப் போகிறதே என்று நான் அந்தக் கணக்கைத் திறந்தே பார்க்கவில்லை. செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவில் 8 சென்ட், பின்னால் இரண்டு தென்னை, ஒரு முருங்கை. கொல்லையில் நின்றால் ஆரியங்காவு மலை தெரியும். அந்த சந்தோஷத்திலேயே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

2023 கோடையில் வேறு எதற்கோ கடன் கணக்கை அச்சடித்து வாங்கினேன். கட்டிய 9,304-இல் அசலுக்குப் போனது 200 ரூபாய்ச் சொச்சம். மீதி முழுக்க வட்டி. 2022 மேயிலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, அதாவது ரெப்போவை, 4 சதவீதத்திலிருந்து 6.5-க்கு ஏற்றியிருந்தது, எங்கள் வட்டியும் கூடவே ஏறி 9.5 ஆகிவிட்டது. தவணையைக் கூட்டாமல் வருடத்தை நீட்டிவிட்டார்கள். கேட்டால், குறுஞ்செய்தி அனுப்பினோமே என்கிறார்கள். அனுப்பியிருப்பார்கள், எங்க வீட்டுக்காரரின் செத்துப்போன பழைய நம்பருக்கு. இதே தவணையில் போனால் இன்னும் 40 வருடம் என்று கணக்கு வந்தது. அப்போது எனக்கு 38 வயது. முடிக்கும்போது 78.

பழைய கெடுவுக்குள் முடிய வேண்டுமென்றால் மாதம் 11,130 கட்ட வேண்டும். அதாவது 1,800 ரூபாய் கூடுதல். அவர் ஓட்டுவது லோடு ஆட்டோ, நான் தைப்பது ஜாக்கெட். இரண்டையும் பிழிந்தாகிவிட்டது. அத்தையிடம் 4 கோழி இருந்தது. நாட்டுக்கோழி முட்டை 12 ரூபாய். 1,800-க்கு 150 முட்டை. ஒரு நாளைக்கு 5. நோட்டில் எழுதிக் காட்டினேன்.

அத்தை சிரித்துவிட்டார். “ஏட்டி, இது என்ன பண்ணைக் கோழியா? பதினஞ்சு முட்ட இட்டா அடைக்கு உக்காந்திரும்.”

அவர் சொன்னதுதான் நடந்தது. நாட்டுக்கோழி வருடத்துக்கு 60, 70 முட்டை இட்டாலே பெரிசு. 15 கோழி வைத்தும் சராசரியாக ஒரு நாளைக்கு 3 தேறவில்லை. அடைக்கு உட்காருவதைத் தடுத்தால் முட்டை கூடும் என்று ஒரு கோழியைத் தண்ணீரில் முக்கினேன். நனைந்த இறகோடு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி அதே கூடையில் போய் உட்கார்ந்தது. சரி, உட்காரட்டும் என்று விட்டுவிட்டோம். முட்டையை விற்பதைவிடக் குஞ்சு பொரிக்க விடுவதில்தான் காசு என்பது அதற்கப்புறம்தான் புரிந்தது.

எங்கள் பக்கம் பங்குனி, சித்திரையில் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா. சேவல் தேடி வருகிறவர்கள் சாமி காரியம் என்று அதிகம் பேரம் பேச மாட்டார்கள். போன சித்திரையில் ஒரு செவலைச் சேவல் மட்டும் 900 ரூபாய்க்குப் போனது. மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதற்கு அவள் பெயர் வைத்திருந்தாள். அதற்குப் பிறகு சேவலுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம்.

தீனிக்குக் காசு கொடுத்தால் கணக்கு கட்டாது. ரைஸ் மில் குருணை, தவிடு, கஞ்சி, கீரைத் தண்டு. பழைய பானையில் காய்ந்த சாணியும் கிழிந்த சாக்கும் திணித்துத் தண்ணீர் தெளித்து, புற்றுப் பக்கம் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் உள்ளே கறையான் மொய்த்திருக்கும். குஞ்சுகளுக்கு அதைவிட விருந்து கிடையாது. கொல்லத்திலிருந்து மலையேறி வரும் சாளை மீனின் தலையைத் தவிட்டோடு வேகவைத்துப் போடுவேன். ஒரு வாரம் அளவு மீறிவிட்டது, முட்டையெல்லாம் கவிச்சி. வாடிக்கையாக வாங்கும் டீச்சர் 6 முட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை.

இங்கே பெரிய எதிரி சாரல். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை கணவாய்க் காற்றோடு பொடிமழை தூறிக்கொண்டே இருக்கும். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது குளுகுளு, எனக்கு ஈரக் கூடு. ஈரத்தில் ரத்தக் கழிச்சல் வந்து முதல் வருடம் 9 குஞ்சு போயிற்று. இப்போது உமியைக் கனமாகப் பரப்பி, வாரம் ஒருமுறை சுண்ணாம்புத் தூள் தூவிக் கிளறிவிடுகிறேன். வெள்ளைக் கழிச்சலுக்குப் பிப்ரவரியில் கால்நடைத் துறை முகாம் போடும்போது கூடையோடு போய் ஊசி போட்டுவந்துவிடுவேன். கீரிக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. 2024 ஏப்ரலில் ஆலப்புழைப் பக்கம் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்தபோது அந்த மாதம் ஒரு முட்டைகூட விலை போகவில்லை. மூன்று வேளையும் நாங்களே தின்றோம்.

எல்லாம் கூட்டிக் கழித்தால் கோழியில் மாதம் 1,400, 1,500 நிற்கிறது. மிச்சத்துக்கு கேபிளை நிறுத்தினோம், அவர் வெளியில் டீ குடிப்பதை விட்டார். ஒளித்துக் குடிக்கிறார், எனக்குத் தெரியும். 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரெப்போ 1 சதவீதம் இறங்கியபோது தவணையைக் குறைக்கட்டுமா என்று வங்கியில் கேட்டார்கள். இந்தத் தடவை கேட்டார்கள்! குறைக்க வேண்டாம், வருடத்தைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கருப்பி இப்போது 13 முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது. அத்தை ஒற்றைப்படையில்தான் அடை வைப்பார். ஏழாம் நாள் ராத்திரி செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன்; இரண்டு தவிர எல்லாவற்றிலும் சிலந்திக் கால் மாதிரி ரத்த நரம்பு. அந்த இரண்டையும் எடுத்துவிடலாம் என்றால், 11-உம் ஒற்றைப்படைதானே என்றபிறகுதான் அத்தை விட்டார். இன்று 20-ஆம் நாள். காலையில் ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். உள்ளே கீச் கீச் என்று கேட்டது.