மதில்மேல் பேதுரு

சௌத்மின்ஸ்டரில் ரயில் பாதை முடிந்துவிடுகிறது. அங்கிருந்து பிராட்வெல்-ஆன்-சீ கிராமத்துக்குச் சாலை வழிதான். இங்கிலாந்தில் எசெக்ஸ் மாவட்டத்தின் கிழக்குக் கோடி; மூன்று பக்கமும் தண்ணீர். "எந்தக் கோவிலுக்குப் போகிறோம்?" என்று டாக்சியில் மனைவி கேட்டாள். "மதில்மேல் புனித பேதுரு" என்றேன். "மதில்மேல் பூனைதானே இருக்கும்?" என்று சிரித்தாள்.

ஊருக்குள் இருப்பது பங்குக் கோவில், புனித தாமஸ் ஆலயம். பெரும்பாலும் 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம். கோபுரம் 1706இல் எழுந்தது. கல்லறைத் தோட்டத்தை ஒட்டி ஒரு குட்டி லாக்கப் நிற்கிறது. ஊரில் தகராறு செய்கிறவர்களை அடைத்துவைக்க 1817இல் கட்டினார்களாம். கோவிலுக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போயிருப்பார்கள். அதுவே பாதி மறையுரை!

ஆனால் நாங்கள் தேடி வந்தது கடலோரச் சிற்றாலயத்தை. கார் நிறுத்தும் இடத்திலிருந்து அரை மைல் மண்பாதையில் நடக்க வேண்டும். பழைய ரோமானியச் சாலையின் தடம் அது. இருபுறமும் வயல், முகத்தில் அறைகிற காற்று. ஜெபமாலை சொல்லிக்கொண்டே நடந்தோம். மூன்றாம் தேவ இரகசியம் முடிவதற்குள் கட்டடம் கண்ணில் பட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் தானியக் கிடங்கு மாதிரிதான் இருக்கிறது.

ஒரு காலத்தில் கிடங்காகவே இருந்ததுதான்.

653இல் கிழக்கு சாக்சன் மன்னர் சிகெபெர்ட் கேட்டுக்கொண்டதால், லிண்டிஸ்பார்ன் மடத்தில் வளர்ந்த செட் என்ற துறவி நற்செய்தி சொல்ல இங்கே வந்தார். கடலோரத்தில் ஒதோனா என்ற ரோமானியக் கோட்டை பாழடைந்து கிடந்தது. அதன் கற்களையும் செங்கற்களையும் எடுத்து, அதன் மேற்கு மதில் இருந்த இடத்திலேயே சுமார் 654இல் ஆலயம் எழுப்பினார். 'மதில்மேல்' என்பதற்கு விளக்கம் கிடைத்துவிட்டது. பீடம் இருந்த அரைவட்டப் பகுதி இப்போது இல்லை. நீண்ட நடுக்கூடம் மட்டும் எஞ்சி நிற்கிறது.

பிற்காலத்தில் வழிபாடு நின்று, விவசாயிகள் தானியம் வைக்கத் தொடங்கினார்கள். வண்டி உள்ளே வருவதற்காகப் பக்கச் சுவர்களை உடைத்து வாசல் வைத்தார்கள். அந்த இடங்களை அடைத்த ஒட்டு இன்றும் சுவரில் தெரிகிறது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால், தானியம் நனையக் கூடாதென்று கூரையைக் காத்ததும் அவர்கள்தான். 1920இல் மறுபடியும் அர்ச்சித்து ஆலயமாக்கினார்கள். இப்போது ஆண்டுதோறும் ஜூலையில் திருப்பயணம் நடக்கிறது. சிப்பிங் ஓங்கரிலிருந்து இங்கு வர 40 மைலுக்கு மேல் நடைபாதையும் உண்டு. அரை மைலுக்கே மூச்சு வாங்கிய நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

உள்ளே கல்சுவர், உயரத்தில் சிறு ஜன்னல்கள், பாடுபட்ட சுரூபம், ஒரு பீடம். அவ்வளவுதான். பீடத்தின் அடியில் மூன்று கற்களைப் பதித்திருக்கிறார்கள். அயோனா, லிண்டிஸ்பார்ன், லாஸ்டிங்காம் ஆகிய மூன்று ஊர்களிலிருந்து வந்தவை. லாஸ்டிங்காம் கல்லின் முன் கொஞ்ச நேரம் முழந்தாளிட்டேன். 664இல் கொள்ளைநோயில் செட் இறந்தது அங்கேதான்.

அதற்குப் பின் நடந்ததை 8ஆம் நூற்றாண்டுத் துறவி பீட் எழுதிவைத்திருக்கிறார். கிழக்கு சாக்சன் நாட்டில் இருந்த செட்டின் மடத்திலிருந்து சுமார் 30 துறவிகள், தங்கள் தந்தையின் கல்லறைக்கு அருகிலேயே வாழ்வோம், இல்லையென்றால் சாவோம் என்று வடக்கே போனார்கள். அத்தனை பேரையும் அதே நோய் கொண்டுபோனது, ஒரு சிறுவனைத் தவிர. வளர்ந்த பிறகுதான் தான் திருமுழுக்கே பெறவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. பெற்றுக்கொண்டான், பின்னாளில் குருவுமானான்.

அவன் பெயரை பீட் சொல்லவில்லை. பெயர் தெரியாதவரிடம் எப்படி மன்றாடுவது? "தம்பி, எங்களுக்காகவும்" என்று மட்டும் சொல்லி எழுந்தேன்.