சீத கங்குலவில் ஒரு முழுக்கு

சிவனொளிபாத மலைக்குக் கொழும்பிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறி ஹட்டனில் இறங்குவார்கள். எனக்கென்னவோ அவிசாவளை வழியாகப் போகும் பஸ்தான் பிடிக்கும். எட்டியாந்தோட்டை, கித்துள்கலை என்று களனி கங்கை கூடவே வரும். மட்டக்குளியில் கடலில் சேரும்போது கலங்கிச் சோம்பிக் கிடக்கிற அதே ஆறு, கித்துள்கலையில் பாறைகளுக்கிடையே நுரைத்துக்கொண்டு ஓடும். இன்னும் மேலே அது இரண்டு ஆறு. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்த பிறகுதான் களனி. நாங்கள் போனது மஸ்கெலி ஓயாவின் பள்ளத்தாக்குக்கு.

ஹட்டனில் பஸ் மாறி மஸ்கெலியாவை நெருங்கினால் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம். 1960களின் கடைசியில் இங்கே ஓயாவை மறித்து அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுன் நீருக்குள் போய்விட்டது. தண்ணீர் நன்றாக இறங்கும் காலத்தில் பழைய கோயில் வெளியே தெரியும், விகாரையும் பள்ளிவாசலும்கூடத்தான். நாங்கள் போனபோது நீர் நிறைந்திருந்தது. பக்கத்து சீட் ஐயா கைநீட்டிக் காட்டிய திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டதோடு சரி. அணையிலிருந்து இறங்கும் நீர் கன்யன், புதிய லக்சபான, பொல்பிட்டி மின் நிலையங்களைச் சுழற்றிவிட்டுத்தான் கீழே போகிறது.

மலையடிவார ஊரான நல்லதண்ணியில் இரவு பிளேன்டி (பால் இல்லாத தேநீர்) குடித்துவிட்டு நடக்கத் தொடங்கினோம். தேயிலைக்கு நடுவே கொஞ்ச தூரம், அப்புறம் ஜப்பானியர் கட்டிய சமாதான விகாரை. அதைத் தாண்டியதும் சீத கங்குல. பெரிய ஆறெல்லாம் இல்லை, கல்லுக்குக் கல் வழிந்து இறங்கும் ஓடை. மலையேறுகிறவர்கள் சிவன் பாதம் என்று போனாலும் புத்தர் பாதம் என்று போனாலும் இதில் முழுகியோ முகம் கழுவியோதான் மேலே போவார்கள். கால் வைத்ததுமே குளிர் முழங்கால் எலும்பில் ஏறியது. "சிவசிவா" தானாகவே வாயில் வந்தது. பக்தியா குளிரா என்று கேட்காதீர்கள்.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பையன் சவுக்காரக் கட்டியை எடுத்தான். தோட்டத்து அம்மா ஒருவர் விடவில்லை.

"சவுக்காரம் போடாதீங்க தம்பி. சாமி தண்ணி. கீழ லயத்துல இதத்தான் குடிக்கிறாங்க."

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் மட்டுமா? இந்த ஓடை மஸ்கெலி ஓயாவில் விழுந்து களனியாகி, அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டு எங்கள் வீட்டுக் குழாய்க்கும் வருகிறது. மட்டக்குளியில் ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தும் இதை நான் யோசித்ததே இல்லை. பையன் கட்டியைத் துவாய்க்குள் சுருட்டி வைத்துவிட்டு மூன்று முழுக்குப் போட்டான்.

மேலே 2243 மீற்றர் உயரத்தில் பாத தரிசனம், மணி, சூரிய உதயம் எல்லாம் பலரும் எழுதியாகிவிட்டது. எனக்குக் கிடைத்தது மேகம்தான், உதயம் தெரியவில்லை. பாதத்தருகே தேவாரம் பாட இரண்டு நிமிடம் இடம் விட்டார்கள், அது போதும்.

டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் பௌர்ணமி வரைதான் சீசன். போயா என்கிற பௌர்ணமி நாளில் படியில் நிற்கவே இடமிருக்காது. வார நாளில் போங்கள். முழுக நினைப்பவர்கள் ஏறும்போதே முழுகிவிடுங்கள், இறங்கும்போது கால் ஒத்துழைக்காது. மாற்றுத்துணி கட்டாயம். சவுக்காரம் வேண்டாம்.