ஆன்லைன்ல டூர் புக் பண்றீங்களா, வண்டி ஓட்டுறவர் நம்பர் வாங்கிட்டீங்களா

ஓசூர்ல இருக்குற என் சித்தி பொண்ணு போன வாரம் போன் பண்ணி, "அக்கா நாங்க மலேசியா போறோம், ஏர்போர்ட் வண்டி, சுத்திப் பாக்குறது எல்லாத்தையும் ஆன்லைன்லயே புக் பண்ணிடலாமா, நீ போயிட்டு வந்தியே"ன்னு கேட்டா. ஒரு மணி நேரம் பேசியும் முடியல. பேசப் பேச இன்னொண்ணு ஞாபகம் வருது, அதச் சொன்னா வேறொண்ணு. சரி எல்லாத்தையும் எழுதியே அனுப்பிடறேன்னு சொல்லி வச்சேன், வேற யாருக்காவது உபயோகமா இருக்கட்டும்னு இங்கயே போடறேன்.

நாங்க போனது அஞ்சு பேர். நான், வீட்டுக்காரர், பையன், அத்தை, மாமா. மாமாவுக்கு 71 வயசு, முட்டி வலி உண்டு. பத்துமலை முருகன நேர்ல பாக்கணும்னு அவருக்கு ரொம்ப வருஷமா ஆசை, அதுக்காகத்தான் அந்தப் பயணமே.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், எனக்கே இது அங்க போய்த்தான் புரிஞ்சுது. க்ளூக், வியேட்டர், கெட்யுவர்கைடு, கேகேடே மாதிரி டூர் விக்கிற தளங்கள் இருக்கே, இவங்க யாருகிட்டயும் பெரும்பாலும் சொந்த வண்டியும் இல்ல சொந்த கைடும் இல்ல. ஒருத்தர் ஹாங்காங்ல இருந்து ஆரம்பிச்சாங்க, ஒருத்தருக்கு தலைமை ஆபீஸ் ஜெர்மனி பெர்லின்ல, வியேட்டர் 2014லயே ட்ரிப்அட்வைசர் கைக்குப் போயிடுச்சு. நம்மள வண்டில ஏத்திட்டுப் போறது அந்தந்த ஊர்ல இருக்குற சின்ன டிராவல்ஸ்காரங்க. நம்ம ஊரு மாங்கா மண்டி மாதிரி வச்சுக்கோங்களேன், தோப்பு ஒருத்தரோடது, மண்டி ஒருத்தரோடது, மண்டிக்காரர் கமிஷன் எடுத்துக்குவாரு. தளங்களும் அப்படித்தான், பொதுவா நூத்துக்கு இருபதுல இருந்து முப்பது வரைக்கும் எடுத்துக்குறாங்க. அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆள் தேடித் தர்றாங்க, பணத்துக்கு ஒரு பாதுகாப்பு தர்றாங்க. ஆனா மண்டில காய மோந்து பாத்து வாங்கலாம், இங்க வெறும் போட்டோதான். அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடி பக்கத்தோட கீழ வரைக்கும் போய், இத நடத்துறது யாரு, எந்த ஊர்க்காரங்கன்னு பாத்துடுங்க. அந்தப் பேர தனியா தேடிப் பாத்தா அவங்களப் பத்தி மத்தவங்க என்ன சொல்லியிருக்காங்கன்னு தெரிஞ்சுடும், பல நேரம் அவங்க சொந்த வெப்சைட்டே கூட இருக்கும்.

இப்ப எங்களுக்கு நடந்தது. கோலாலம்பூர் ஏர்போர்ட்ல இருந்து ஹோட்டலுக்கு ஏழு சீட் வண்டி ஒண்ணு முன்கூட்டியே புக் பண்ணிருந்தேன், எந்தத் தளம்னு பேர் சொல்லல, மேல சொன்ன எதுவும் இல்ல. அந்த ஏர்போர்ட்ல ரெண்டு டெர்மினல் இருக்கு, நடுவுல நடந்து போற தூரம் இல்ல, ரயிலோ பஸ்ஸோ ஏறித்தான் போகணும். ஏர் ஏசியாவெல்லாம் டெர்மினல் 2ல தான் இறங்கும், நாங்க போனதும் அதுல தான். ஆனா புக்கிங் பக்கத்துல ஏர்போர்ட் பேர் போட்டதும் மேல வந்த முதல் வரிய தொட்டுட்டேன், அது டெர்மினல் 1. ஃபிளைட் நம்பர் கேக்குற கட்டம் ஒண்ணு இருந்துச்சு, கட்டாயம் இல்லன்னு போட்டிருந்ததால காலியா விட்டுட்டேன்.

விடிகாலை இறங்கி, இமிகிரேஷன் வரிசைல நின்னு, பெட்டி எடுத்துட்டு வெளிய வந்தா எங்க பேர் எழுதின பலகை எதுவும் இல்ல. பத்து நிமிஷம் பாத்தோம், இருபது நிமிஷம் பாத்தோம். அத்தைக்கு பயம் வந்துடுச்சு, மாமா ஒண்ணுமே பேசாம பெட்டி மேல உக்காந்துட்டாரு, பையன் பசின்னு அழறான். சிம் இன்னும் வாங்கல, ஏர்போர்ட் வைஃபைல அந்தத் தளத்தோட சாட்ல போய் கேட்டா மெஷின் பதில் சொல்லுது, அதே நாலு வரிய திருப்பித் திருப்பி, கடைசில 24 மணி நேரத்துல தொடர்பு கொள்வோம்னு வந்துச்சு. விடிகாலை நேரத்துல வயசானவங்கள வச்சுக்கிட்டு நிக்கும்போது அந்த வரியப் படிச்சா எப்படி இருக்கும்னு சொல்லவே தெரியல, இன்னைக்கு நெனச்சாலும் மனசு படபடங்குது.

வீட்டுக்காரர் தான் வவுச்சர பொறுமையா கீழ வரைக்கும் படிச்சாரு. கடைசில சின்ன எழுத்துல அந்த ஊர் டிராவல்ஸோட நம்பர் இருந்துச்சு. வாட்ஸ்அப்ல கூப்பிட்டோம், ரெண்டாவது ரிங்லயே எடுத்தாரு, இங்கிலீஷ்ல ஆரம்பிச்சு எங்க குரலக் கேட்டதும் தமிழுக்கு வந்துட்டாரு. "நான் டெர்மினல் ஒண்ணுல தாம்மா ஒரு மணி நேரமா நிக்கிறேன், அங்கயே இருங்க, வந்துடறேன்"னாரு. கொஞ்ச நேரத்துல வந்து நின்னாரு. காத்திருந்ததுக்கு கூட காசு கேக்கவும் இல்ல, நாங்களா குடுத்தோம், பெரியவங்க சிரமப்பட்டுட்டாங்களேன்னு அவருக்குத்தான் வருத்தம். அவரு கேக்காட்டியும் கேக்குற உரிமை அவருக்கு இருந்துச்சு. ஏர்போர்ட் வண்டிக்கு பொதுவா ஒரு மணி நேரம் வரைக்கும் இலவசமா காத்திருப்பாங்க, ஃபிளைட் நம்பர் குடுத்திருந்தா விமானம் இறங்கின நேரத்துல இருந்து அத கணக்கு பண்ணுவாங்க, லேட்டானாலும் அவங்களே பாத்துக்குவாங்க. குடுக்கலன்னா நாம போட்ட நேரம் தான் கணக்கு.

வண்டில வரும்போது பேசிட்டே வந்தாரு. எந்த ஊருன்னு கேட்டாரு, கிருஷ்ணகிரின்னு சொன்னதும் தெரியல, சேலம் பக்கம்னதும் தலையாட்டினாரு. ட்ரிப் முடிச்சு தளத்துல முடிஞ்சுதுன்னு பதிவு ஆன பிறகுதான் அவங்களுக்கு பணம் வருமாம். கஸ்டமர் வரலன்னு பதிவாயிட்டா அதுவும் சிக்கலாம். அந்த ஒரு மணி நேரம் அவரும் நம்மள மாதிரியே தவிச்சுட்டுத்தான் நின்னிருக்காரு, ஃபிளைட் நம்பர் இல்லாததால எங்கள எங்க தேடுறதுன்னு அவருக்கு வழியே இல்ல. நான் காலியா விட்ட ஒரு கட்டம்.

அப்புறம் பத்துமலை. இதுக்கு அரை நாள் டூர்னு எல்லா தளத்துலயும் இருக்கு, பஸ்ல ஏத்திட்டுப் போய், வழியில ரெண்டு கடைல நிறுத்தி, கோயில்ல முக்கா மணி நேரம் ஒரு மணி நேரம் விடுவாங்க. நான் அத புக் பண்ணல, பண்ணாதது நல்லதா போச்சு. 272 படி, மாமாவுக்கு பத்து படி ஏறி ரெண்டு நிமிஷம் உக்காரணும். அந்த 140 அடி முருகன் சிலை அடில நின்னு அவரு அண்ணாந்து பாத்துட்டே இருந்தாரு, கண்ணுல தண்ணி. ஒரு மணி நேரத்துல பஸ் கிளம்பிடும்னு கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருந்தா என்னால என்னை மன்னிச்சிருக்கவே முடியாது. கோலாலம்பூர் சென்ட்ரல் ஸ்டேஷன்ல இருந்து நேரா பத்துமலைக்கே கேடிஎம் கொம்யூட்டர் ரயில் இருக்கு, ஸ்டேஷன் கோயிலுக்கு ஒட்டியே, டிக்கெட் ரொம்ப குறைச்சல். வயசானவங்க இருந்தா கிராப் ஆப்ல கார் போட்டுக்கலாம், நாங்க போறப்ப கார், வர்றப்ப ரயில். சாமி கும்பிடப் போற இடத்துக்கு குரூப் டூர் வேண்டாம்னு நான் அடிச்சு சொல்லுவேன்.

ஆனா பெட்ரோனாஸ் டவர் மாதிரி இடத்துக்கு ஆன்லைன் தான் சரி. 41வது மாடில ரெண்டு டவருக்கும் நடுவுல பாலம், அப்புறம் 86வது மாடி, இதுக்கெல்லாம் நேரம் போட்ட டிக்கெட், ஆள் கணக்கு வச்சுத்தான் விடுவாங்க. திங்கக்கிழமை லீவு, அத பாத்துக்கோங்க. அவங்க சொந்த வெப்சைட்லயே விக்கிறாங்க, அங்கயும் பாத்து தளத்துலயும் பாத்து எது கம்மியோ அதுல எடுங்க.

கேன்சல் பண்றதப் பத்தி சித்தி பொண்ணு ரெண்டு தடவ கேட்டா. 24 மணி நேரத்துக்கு முன்னாடி வரைக்கும் முழு பணமும் திரும்பும்னு நிறைய டூர்ல போட்டிருப்பாங்க, ஆனா அந்த 24 மணி நேரம் டூர் நடக்குற ஊரோட நேரம். மலேசியா நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுது, காலைல 8 மணி டூர்னா நமக்கு அது அஞ்சரை. நம்ம ஊர்ல உக்காந்துக்கிட்டு முந்தின நாள் காலைல ஏழு மணிக்கு கேன்சல் பண்ணலாம்னு இருந்தா அவ்ளோதான். எல்லா டூருக்கும் இந்த வசதி கிடையாது, திரும்பத் தர மாட்டோம்னு போட்டு விலை கம்மியா வச்சிருப்பாங்க, குழந்தையும் பெரியவங்களும் வச்சுட்டுப் போறவங்க அத தொடாதீங்க.

கார்டு விஷயம் சீக்கிரம் சொல்லிடறேன். 2020 அக்டோபர்ல இருந்து ரிசர்வ் பேங்க் விதிப்படி புதுசா குடுக்குற கார்டுல வெளிநாட்டு உபயோகம் மூடித்தான் வரும், பேங்க் ஆப்ல போய் நாமதான் திறக்கணும், திறக்காம பேமென்ட் ஃபெயில் ஆகுதுன்னு ராத்திரி பூரா முயற்சி பண்ணிட்டு இருக்காதீங்க. வெளிநாட்டுப் பணத்துல கட்டினா பேங்க் மேல கொஞ்சம் போடும், நிறைய கார்டுல மூணு மூணரை சதவீதம், அது மேல ஜிஎஸ்டி வேற. தளத்துல ரூபாய்லயே காட்டுதுன்னா அவங்க போட்ட ரேட் என்னன்னு ஒரு தடவ கணக்கு போட்டுப் பாருங்க.

இனி நம்ம ஊர்ப் பக்கம் வர்றேன், நம்மாளுங்க அதிகமா மாட்டுறது இங்கதான். கிருஷ்ணகிரிக்கு பயணிகள் ரயிலே கிடையாது, வெளிநாட்டு ஃபிளைட்டுன்னா எங்களுக்கு பெங்களூர் தான் பக்கம், அதுவும் ஏர்போர்ட் ஊருக்கு அந்தப் பக்கம் தேவனஹள்ளில, இங்க இருந்து சுமார் 130 கிலோமீட்டர். அத்திப்பள்ளி தாண்டுனா எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, சாயங்காலம்னா சொல்லவே வேணாம், நான் எப்பவும் ஃபிளைட்டுக்கு ஏழு மணி நேரம் முன்னாடி வீட்ட விட்டு கிளம்பிடுவேன். ஆன்லைன்ல ஏர்போர்ட் ட்ரான்ஸ்ஃபர்னு போட்டா விலை கம்மியா காட்டும், ஆனா உள்ள போய் படிச்சா டோல், மாநில வரி, டிரைவர் பேட்டா, ராத்திரி பேட்டா எதெல்லாம் சேர்ந்திருக்கு எதெல்லாம் சேரலன்னு ஒரு பட்டியல் இருக்கும். கர்நாடகா வாடகை வண்டி தமிழ்நாட்டுக்குள்ள வரணும்னா அதோட பெர்மிட்டப் பொறுத்து வரி கட்ட வேண்டி வரலாம், நம்ம வாடகை வண்டி அங்க போனாலும் அதே. அத நடு ராத்திரி பார்டர்ல நிறுத்தி வச்சு நம்மகிட்ட கேக்கலாம். திரும்பி வர்றப்ப நான் புக் பண்ணது எங்க வீட்டுக்காரரோட சித்தப்பா பையன் வண்டி, ராயக்கோட்டை ரோட்ல டிராவல்ஸ் வச்சிருக்கான். நூறு இருநூறு கூடவே ஆச்சு, ஆனா விமானம் ஒன்றரை மணி நேரம் லேட், "அண்ணி நீங்க பதறாம வாங்க, நான் இங்கதான் இருக்கேன்"னு மெசேஜ் வந்திருந்துச்சு. மாமா வண்டில ஏறினதும் தூங்கிட்டாரு.

ஒகேனக்கல் கதைய சொல்லாம விட்டா மனசு ஆறாது. 2024 ஜூலை கடைசி, என் காலேஜ் தோழி ஒருத்தி இப்ப புனேல இருக்கா, பெங்களூர் வந்தவ ஆன்லைன்ல ஒரு நாள் டூர் புக் பண்ணிட்டா, பரிசல் சவாரி உட்பட, மதிய சாப்பாடு உட்பட. நம்ம மாவட்டத்துல யாரக் கேட்டாலும் சொல்லியிருப்பாங்க, அந்த வாரம் காவிரில வினாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல வந்துட்டிருந்துச்சு, மேட்டூர் 120 அடி நிரம்பின சமயம், குளிக்கவும் பரிசலுக்கும் தடை. தளத்துல மட்டும் சீட் இருக்குன்னு பச்சையா காட்டிக்கிட்டே இருந்திருக்கு. கிருஷ்ணகிரி டோல் தாண்டும்போது ஆசையா எனக்கு போன் பண்றா, நான் விஷயத்த சொன்னதும் டிரைவர்கிட்ட கேட்டிருக்கா, அவருக்கு காலைலயே தெரியும். "போகலன்னா எனக்கு வாடகை வராதும்மா"ன்னாராம். அவர குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல, கோலாலம்பூர்க்காரர் சொன்னதும் இதேதானே. பென்னாகரம் வரைக்கும் போய் போலீஸ் திருப்பி அனுப்ப, எங்க வீட்டுக்கு வந்து கேழ்வரகு களியும் கோழிக் குழம்பும் சாப்பிட்டுப் போனாங்க. பணம் கேட்டதுக்கு, பரிசல் அன்றைய நிலையைப் பொறுத்ததுன்னு விதில இருக்கு, வண்டி ஓடிடுச்சு, திரும்பத் தர முடியாதுன்னு பதில் வந்துச்சு.

இதுல எனக்கு கோவம் என்னன்னா, காவிரி தமிழ்நாட்டுக்குள்ள வர்ற பிலிகுண்டுலுல எவ்ளோ தண்ணி வருதுன்னு தினமும் கணக்கு எடுக்குறாங்க, காலைல நியூஸ்ல வந்துடுது, கலெக்டர் தடை போட்டா ஊருக்கே தெரியுது. டூர் விக்கிறவங்க அதப் பாத்து அன்னைக்கு ஒரு நாள் விற்பனைய நிறுத்தி வைக்கக் கூடாதா? தடை நாள்ல பரிசல் ஓட்டுற அண்ணனுங்க, எண்ணெய் மசாஜ் பண்றவங்க, மீன் வறுத்து விக்கிற அக்காங்க எல்லாருக்கும் வருமானம் போகுது, அவங்க அத ஏத்துக்குறாங்க, உயிர் விஷயம்னு. தூரத்துல உக்காந்து பட்டன் வச்சிருக்கவங்களுக்கு மட்டும் ஒரு நஷ்டமும் இல்ல.

தோழி திரும்ப ஜனவரில வர்றேன்னு சொல்லியிருக்கா, பசங்க பரிசல்ல ஏறியே ஆகணும்னு அடம். இந்தத் தடவ கொழுந்தன் வண்டி, சின்னாறு பரிசல் துறைல ஒரு அண்ணன் நம்பர் வாங்கி வச்சிருக்கேன். தேதிய மட்டும் இன்னும் முடிவு பண்ணல, அந்த வாரம் நீர்வரத்து பாத்துட்டு சொல்றேன்னு சொல்லிட்டேன்.