மணியைத் தனியே விட்டுப் பழக்குதல்: இதுவரை

மணி நாட்டு நாய். வீட்டில் ஒருவர் இருந்தால் போதும், அவனைப் போல் சாது கிடையாது. நானும் மனைவியும் ஒருசேரக் கிளம்பினால்தான் வினை. கதவு நிலையைப் பிறாண்டிப் பிறாண்டி வர்ணம் போய் மரம் தெரிகிறது. ஊளை கீழ்வீடு வரை கேட்கிறது.

சேட்டையா, பயமா என்று முதலில் தெரிய வேண்டியிருந்தது. பழைய கைப்பேசியை அலமாரியில் சாய்த்து வைத்துப் படம்பிடித்தேன். கதவைச் சாத்தியதுமே மூச்சிரைப்பு, வாயோரம் எச்சில், மொசைக் தரையெங்கும் ஈரப் பாதத் தடங்கள். நாய்க்கு வியர்ப்பது பாதத்தில்தான். உப்பில்லாத தயிர்சாதத்தை ரப்பர் பொம்மைக்குள் அடைத்து, உறையவைத்துக் கொடுத்திருந்தேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் திரும்பி வந்த பிறகு நிதானமாக அதைக் கவ்விக்கொண்டு போய் நக்கினான். பயந்த நாய்க்குத் தீனி இறங்காது. அதட்டினால் பயம் கூடத்தான் செய்யும். (பொம்மைக்குள் வேர்க்கடலை வெண்ணெய் வைப்பவர்கள் டப்பாவில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நாய்க்கு அது நஞ்சு. திராட்சையும் அப்படித்தான்.)

அவனுக்குப் பயம் கதவில் தொடங்கவில்லை, ஹெல்மெட்டில் தொடங்குகிறது. அதைக் கையில் எடுத்தாலே வால் இறங்கிவிடும். ஆகவே வெளியே போகாமலே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெண்டைக்காய் நறுக்கினேன், செய்தித்தாள் படித்தேன். மனைவி சிரித்த சிரிப்பு இருக்கட்டும். இப்போது ஹெல்மெட்டைப் பார்த்தால் மணி தலையைக்கூடத் தூக்குவதில்லை. சாவிக்கொத்துக்கும் செருப்புக்கும் இதே வைத்தியம்தான்.

பிறகு கதவு. திறந்து மூடுவது, வெளியே சில நொடி நிற்பது, லிஃப்ட் வரை போவது என்று கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினேன். ஊளையிடும் வரை காத்திருக்கக் கூடாது. கொட்டாவி, உதட்டை நக்குவது, காது பின்னால் மடிவது என்று ஏதாவது தெரிந்தாலே உள்ளே வந்துவிட வேண்டும். மறுமுறை நேரத்தைக் குறைக்க வேண்டும். நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவதும் சரிப்படவில்லை. இடையிடையே மிகச் சிறிது நேரம் மட்டும் வெளியே போய்வருவதையும் கலந்தால்தான் நிம்மதியாகப் படுக்கிறான்.

உண்மையில் கடினமானது பயிற்சி அல்ல, பயிற்சி நடக்கும் காலம் முழுக்க அவனை வேறெப்போதும் தனியே விடாமல் பார்த்துக்கொள்வது. ஒரு நாள் பயந்து அலறினாலும் பழக்கியது பின்னுக்குப் போகிறது. மாமியார் வந்து தங்கியதால் பிழைத்தோம். வசதியில்லாதவர்கள் அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார்க்கலாம். முற்றிப்போன பதற்றத்துக்கு ஃப்ளூவாக்சிட்டின், க்ளோமிப்ரமின் போன்ற மருந்துகள் உண்டு என்று எங்கள் கால்நடை மருத்துவர் சொன்னார். அவை மயக்க மருந்துகள் அல்ல. வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், பயிற்சியும் கூடவே வேண்டும். எங்களுக்கு அதுவரை போகவில்லை.

இப்போது அரை மணி நேரம் தாண்டுகிறான். பெரும்பாலான நாய்களுக்குப் பதற்றம் உச்சத்துக்குப் போவது இந்த முதல் அரை மணிக்குள்தான் என்பதால், இனி நேரத்தைச் சற்றுத் தாராளமாகக் கூட்டலாம் என்றிருக்கிறேன். தீபாவளிப் பட்டாசு ஓயும் வரை மட்டும் பயிற்சிக்கு விடுமுறை.