முதலாண்டு எம்.பி.பி.எஸ்.: எதை எப்படிப் படிப்பது?

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி காரைக்குடியில் ஒரு தெருவுக்குத் தெரிந்தால் போதும், முதல் விடுமுறையிலேயே ஆட்கள் வந்துவிடுவார்கள். அப்பத்தாவுக்கு முழங்கால் வலி, எதிர்வீட்டு ஐயாவுக்குச் சர்க்கரை. நம்மிடம் மாத்திரை இருக்காது. மருந்தியல், நோய்க்குறியியல், நுண்ணுயிரியல் எல்லாம் இரண்டாம் ஆண்டில்தான். முதலாண்டு முழுக்க நோயில்லாத உடம்பு: உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல்.

உடற்கூறியல் புத்தகத்தின் கனத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் மிரளுகிறார்கள். அதை முதல் பக்கத்திலிருந்து வாசிக்காதீர்கள்; எலும்பைக் கையில் எடுங்கள். மேற்கை எலும்பையே எடுத்துக்கொள்வோம். உருண்டைத் தலை மேலே உள்பக்கம் பார்க்க, கீழ்முனையின் ஆழமான குழி பின்னால் வரும்படி பிடித்தால், அது வலக்கையா இடக்கையா என்று தெரிந்துவிடும். பிறகு மூன்று இடங்களில் விரலை வையுங்கள். கழுத்துப் பகுதியில் ஆக்ஸிலரி நரம்பு, நடுத்தண்டின் பின்புறம் ரேடியல், முழங்கை உட்புடைப்பின் பின்னால் அல்னார். பைக்கிலிருந்து விழுந்து நடுத்தண்டு முறிந்தவருக்கு மணிக்கட்டு ஏன் தொங்கிப்போகிறது என்று வாய்மொழித் தேர்வான வைவாவில் கேட்பார்கள். விரல் வைத்துப் பழகியவருக்கு அதற்கு மனப்பாடம் தேவையில்லை.

டிசெக்‌ஷன் அறையில் சடலத்தை அறுத்துப் பார்க்கும்போதும் வரிசைதான் முக்கியம். தோல், கொழுப்பு, உறை, தசை, அதற்கு அப்பால் நரம்பும் நாளமும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நம் ஊர் வீட்டுக்குள் நடப்பது மாதிரி, எதைத் தாண்டி எது வருகிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போங்கள்.

என்னைக் கேட்டால், அதிக நேரம் கொடுக்க வேண்டியது உடலியங்கியலுக்கு. பலர் அதைத் தேர்வுக்கு முந்தைய வாரங்களுக்கு ஒதுக்கிவைப்பது எனக்குப் புரிந்ததே இல்லை. இதயம் நிமிடத்துக்கு 72 முறை துடிக்கிறது, ஒரு துடிப்புக்கு 70 மி.லி. இரத்தம்; ஆக நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, சட்டென்று எழுந்து நிற்பவருக்கு ஏன் தலை சுற்றுகிறது, உடல் அதை எப்படிச் சரிசெய்கிறது என்று நண்பருக்கு விளக்கிப் பாருங்கள். இரண்டாம் ஆண்டில் இரத்த அழுத்தமும், உறுப்புகளுக்கு இரத்தம் போதாமல் போகும் அதிர்ச்சி நிலையும் வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும். உயிர்வேதியியலுக்குத் உடலுக்குள் நடக்கும் வேதிவினைச் சுழற்சிகளில் தினமும் ஒன்றைத் தாளில் வரைந்தாலே போதும். இன்சுலின் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்; எதிர்வீட்டு ஐயா விடமாட்டார்.

2020 முதல் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு வைவாவில்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அழகான ஆங்கிலத்தை அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொல்லலாம். மாலையில் அறைத்தோழரைக் கேள்வி கேட்கச் சொல்லி, புத்தகத்தை மூடிவிட்டுச் சத்தமாகப் பதில் சொல்லுங்கள்.

கடைசியாக ஊர்ப்பாசம். சிவகங்கைக் கல்லூரியில் இடம் கிடைத்தவருக்கு வீடு பஸ் தூரம்தான். பிள்ளையார்பட்டி சதுர்த்திக்கும் குன்றக்குடி பங்குனி உத்திரத்துக்கும் கால் தானாக நகரும். வருகைப்பதிவு வகுப்புக்கு 75 சதவீதம், செய்முறைக்கு 80. போவதென்றால் டிசெக்‌ஷன் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். அறுத்து முடித்த பகுதியை உங்களுக்காக இன்னொரு முறை அறுத்துக் காட்ட மாட்டார்கள்.