46-ல 6 போனா பிரியாணி

எங்க பங்குல, அதாவது எங்க ஊர் கத்தோலிக்கக் கோயில்ல, மூணாங்கிளாஸ் பசங்களுக்கு மறைக்கல்வி (வேதப் பாடம்) நான்தான் எடுக்குறேன். தவக்காலம் தொடங்குற சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு, திருவழிபாட்டு ஆண்டு (கோயிலோட வருசக் காலண்டர்) பாடம். ராத்திரி முழிச்சு உக்காந்து சார்ட்ல பெரிய வட்டம் போட்டு, ஃபாதர் அந்தந்தக் காலத்துல போடுற திருவுடை கலர்லயே, கிறிஸ்மஸுக்கு முன்னாடி வர்ற திருவருகைக் காலம் ஊதா, கிறிஸ்மஸ் வெள்ளை, தவக்காலம் மறுபடி ஊதா, ஈஸ்டர்லேர்ந்து வர்ற பாஸ்கா காலம் வெள்ளை, அது முடியிற பெந்தெகோஸ்து நாள் செவப்பு, மிச்சம் பூரா பச்சைன்னு கலரடிச்சு எடுத்துட்டுப் போனா மொத கேள்வியே "மிஸ் இது பீட்சாவா?"

நமக்குப் புது வருசம் ஜனவரில இல்லடா, திருவருகைக் கால மொத ஞாயிறுலன்னேன். "அன்னிக்கு யாரும் கேக் குடுக்கலையே." அந்தப் பச்சை ஏன் இவ்ளோ பெருசுன்னு ஒருத்தி கேட்டா. அது பொதுக்காலம்மா, 33, 34 வாரம் வரும், பெரிய விசேஷம்னு தனியா ஒண்ணும் இருக்காதுன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். "அப்ப அந்த வாரமெல்லாம் கிளாஸ் லீவா மிஸ்?" (எனக்கும் ஆசைதான்.)

அடுத்தது தவக்காலம், ஈஸ்டருக்கு முன்னாடி நோன்பு இருந்து, எங்க பக்கம் பல வீட்டுல கறியே ஒதுக்கி வைக்கிற 40 நாள்னு சொல்லி முடிக்கல, செவுத்துல இருந்த காலண்டர எடுத்து ஒருத்தன் விரல் வச்சு எண்ணிட்டான். "மிஸ், சாம்பல் புதன்லேர்ந்து ஈஸ்டருக்கு முந்துன நாள் வரைக்கும் 46 வருது." விடுவேனா நானு, ஞாயித்துக்கெழம எல்லாம் ஆண்டவர் உயிர்த்த நாள், அதனால அந்த 6 ஞாயிறும் இந்தக் கணக்குல வராது, 46-ல 6 போனா 40-ன்னு பெருமையா போர்டுல கழிச்சுக் காட்டினேன். கிளாஸே கப்சிப். அந்த அமைதியிலயே நான் உஷாராயிருக்கணும்.

தவக்காலத்து மொத ஞாயிறு, பூசை முடிஞ்சு வீட்டுக்கு வந்து செருப்பக் கூட கழட்டல, போன். "டீச்சர், ஞாயித்துக்கெழம தவக்காலம் கெடையாதுன்னு சொன்னீங்களாமே, இவன் பிரியாணி கேட்டு தரையில உருளுறான், எங்க மாமியார் கவுச்சி சட்டியையே பரண்ல ஏத்திட்டாங்க." ரெண்டாவது போனும் அதே கதைதான். மூணாவது ஒரு பாட்டி, "நீ எந்த சாமியார்ட்டம்மா படிச்ச?" கணக்குல வராதுன்னுதான் சொன்னேன் பாட்டி, கறி திங்கலாம்னு சொல்லலைன்னு நான் சொல்றதுக்குள்ள கட் பண்ணிட்டாங்க.

இதோட முடிஞ்சுதான்னா அதுவும் இல்ல. 4-ஆம் ஞாயிறு ரோஸ் கலர் திருவுடை போடலாம், தவக்காலத்துக்கு நடுவுல வர்ற மகிழ்ச்சி ஞாயிறு அது, என் சார்ட்ல அத நான் மறந்தே போயிருந்தேன். ஃபாதர் ரோஸ் கலர்ல பீடத்துக்கு வந்து நிக்கிறார், பாட்டு முடிஞ்சு கோயிலே அமைதி, முன் வரிசையிலேர்ந்து கணீர்னு ஒரு கொரல்:

"மிஸ்ஸ்ஸ்! ஃபாதரோட ஊதா டிரஸ் சாயம் போயிருச்சு!"

பக்கத்துல இருந்தவன் ரொம்பப் பொறுப்பா, "எங்கம்மாவும் இப்படித்தான்டா, எல்லாத்தையும் ஒண்ணா மெஷின்ல போட்டுருவாங்க."