ராஜேந்திர சோழன் பெட்டியில் வந்த கதை

ஏர் இந்தியா 1971இல் தன் முதல் ஜம்போவை, அதாவது போயிங் 747 விமானத்தை, வாங்கியபோது அதற்கு அசோகச் சக்கரவர்த்தியின் பெயரை வைத்தது. அடுத்தடுத்து வந்த 747களுக்கும் பேரரசர்களின் பெயர்தான்: ஷாஜகான், விக்கிரமாதித்தன், அக்பர், கனிஷ்கர். அந்த வரிசையில் நம் ராஜேந்திர சோழனும் உண்டு. பதிவெண் வி.டி. - ஈ.பி.என். அப்பா அந்தக் காலத்தில் பம்பாயில் வேலை பார்த்தவர், விலே பார்லேயில் குடியிருந்தவர். தலைக்கு மேல் ஜம்போ இறங்கும்போதெல்லாம் எந்த ராஜா என்று பார்ப்பாராம். "நம்ம ஆளு பேரு எழுதின பிளேன் டா அது" என்று எனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறார்.

அதனால் 2022 மார்ச்சில் சின்ன விமான மாடல்கள் செய்யும் ஒரு நிறுவனம் அறிவித்த புதுப் பட்டியலில் அந்த விமானம் இருந்ததைப் பார்த்ததும் எனக்கு வேறு யோசனையே வரவில்லை. 1:400 ஸ்கேல், அதாவது அசலில் நானூறில் ஒரு பங்கு; டைகாஸ்ட், அதாவது உலோக வார்ப்பு. அசல் விமானம் எழுபது மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம் என்பதால் மாடல் பதினேழரை சென்டிமீட்டர் வரும், உள்ளங்கையில் ஏந்திக்கொள்ளலாம். 1:200இல் வாங்கினால் முப்பத்தைந்து சென்டிமீட்டர். என் அலமாரியில் அதற்கு இடம் கிடையாது.

இந்த மாடல்களில் முன்பதிவு எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், நான் இதைப் புரிந்துகொள்ளவே நாளானது. தயாரிப்பாளர்கள் மாதாமாதம் பட்டியல் விடுவார்கள். அதில் இருக்கும் படம் பெரும்பாலும் கணினியில் வரைந்தது, கையில் பிடித்து எடுத்த போட்டோ அல்ல. கடைகள் அதை வைத்து ஆர்டர் சேர்த்து, எண்ணிக்கையை மேலே அனுப்பும். ஒரு பதிப்பில் சில நூறு மாடல்கள்தான் வரும், தீர்ந்தால் தீர்ந்ததுதான். பழைய விமானம், அதுவும் பெயர் பெற்ற லிவரி (விமானத்தின் மேல் தீட்டும் வண்ண அலங்காரம்) என்றால் மறுபடி அச்சேறும் என்று நம்பி உட்கார முடியாது. பணம் வாங்குவதில் கடைக்குக் கடை வழக்கம் மாறும். சிலர் முழுத் தொகையையும் முன்னாலேயே எடுத்துக்கொள்வார்கள், சிலர் அட்வான்ஸ் மட்டும் கேட்பார்கள், சிலர் சரக்கு வந்த பிறகுதான் நம் வங்கி அட்டையில் இருந்து பணம் எடுப்பார்கள். நான் மூன்றாவது வகைக் கடையாகப் பார்த்து அமெரிக்காவில் ஒன்றில் பதிவு செய்தேன். பணம் போகவில்லையே, பத்திரம் என்று நினைத்தேன். அங்கேதான் சிக்கல் இருந்தது.

ஜூலையில் வரும் என்றார்கள். மாடல் தயாராகும் சீனாவில் அந்த வருஷம் கொரோனா முடக்கம். தேதி அக்டோபருக்குத் தள்ளிப்போனது, அப்புறம் டிசம்பருக்கு. டிசம்பரும் போய்விட்டால் சீனப் புத்தாண்டு வந்துவிடும், தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும். ஆக 2023 ஏப்ரலில்தான் கடைக்குச் சரக்கு வந்தது. அதற்குள் என் வங்கி அட்டையின் காலம் பிப்ரவரியில் முடிந்து புது அட்டை வந்திருந்தது. கடைக்காரர் பழைய அட்டையில் பணம் எடுக்கப் பார்த்திருக்கிறார், போகவில்லை. மூன்று நாளைக்குள் சரிசெய்யுங்கள் என்று மின்னஞ்சல் போட்டிருக்கிறார். அது விளம்பரக் கடிதங்களோடு போய் ஒதுங்கிவிட்டது. நான் பார்த்தது ஐந்தாவது நாள். ஆர்டர் ரத்து, மாடல் காத்திருப்புப் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விட்டது.

பதிமூன்று மாதம் காத்த பொருள். அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

மறுநாள் காலையில் எனக்குத் தெரிந்த ஒவ்வொரு கடைக்கும் எழுதினேன். ஐந்து கடைகள் ஸ்டாக் இல்லை என்றன. ஆறாவது கடை, அதுவும் அமெரிக்காவில்தான், யாரோ ஒருவர் ரத்து செய்ததால் ஒன்று மிச்சம் இருக்கிறது, இப்போதே பணம் கட்டினால் எடுத்து வைக்கிறேன் என்றது. கட்டப் போனேன், புது அட்டையும் ஏறவில்லை! ரிசர்வ் வங்கி 2020இல் கொண்டுவந்த விதிப்படி, புதிதாகவோ மாற்றியோ தரப்படும் அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்தே வைக்கப்பட்டிருக்கும், நாமாகத் திறக்க வேண்டும். வங்கிச் செயலியில் அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்துத் திறந்து, வரம்பை உயர்த்தி, மறுபடி கட்டினேன். போனது. அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்தக் கடைக்காரர் நல்ல மனிதர். "பார்சல் மேல் பரிசு என்று எழுதி விலையைக் குறைத்துப் போடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். விலையைக் குறைத்துக் காட்டுவது குற்றம், அது ஒரு பக்கம். பரிசு என்று எழுதினாலும் பயன் கிடையாது. சுங்கத் தீர்வை இல்லாமல் பரிசுப்பொருள் வரவழைக்கும் சலுகை 2019 டிசம்பரிலேயே எடுக்கப்பட்டுவிட்டது, ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும்தான் விதிவிலக்கு. உள்ள விலையையே போடச் சொன்னேன்: மாடல் 72 டாலர், அனுப்பும் செலவு 33 டாலர்.

பார்சல் சென்னைக்கு நான்கு நாளில் வந்துவிட்டது. கஸ்டம்ஸில் ஆறு நாள் நின்றது. கொரியரில் இருந்து ஆதார் நகல் கேட்டார்கள், கொடுத்தேன். அப்புறம் ஒரு பெண் போன் செய்து, "சார், இது பொம்மையா? பொம்மைன்னா பி.ஐ.எஸ். சான்று வேணும்" என்றார். பி.ஐ.எஸ். என்றால் இந்தியத் தர நிர்ணய அமைவனம். அவர் கேட்டதில் தப்பில்லை. 2021 ஜனவரியில் இருந்து பொம்மைகளுக்கு அந்தத் தரச்சான்று கட்டாயம். ஆனால் அந்த ஆணை பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொருளுக்கானது. இந்த மாடல் பெட்டியின் அடியிலேயே, இது பொம்மை அல்ல, வயதுவந்த சேகரிப்பாளருக்கானது என்று அச்சிட்டிருக்கும். கடைக்காரரிடம் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, ஒரு பக்கக் கடிதத்தோடு இணைத்துக் கொடுத்தேன். இரண்டு நாளில் விட்டார்கள். வெளிநாட்டில் இருந்து மாடல் வரவழைப்பவர்கள் பார்சல் கிளம்பும் முன்பே அந்தப் படத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்வைக் கணக்கு அப்போது இப்படி: சொந்த உபயோகத்துக்கு வரும் பார்சலுக்கு அடிப்படைத் தீர்வை 35 சதவீதம், அந்தத் தீர்வையின் மேல் பத்து சதவீத சமூகநல வரி, எல்லாம் கூட்டி வந்ததன் மேல் ஐ.ஜி.எஸ்.டி., அதாவது இறக்குமதிக்கும் போடும் ஜி.எஸ்.டி., 28 சதவீதம். மொத்தத்தில் 77 சதவீதத்தைத் தாண்டும். பொருளும் அனுப்பும் செலவுமாக எட்டாயிரத்து அறுநூறு ரூபாய், தீர்வை மட்டும் ஆறாயிரத்து அறுநூறுக்கு மேல். இந்தியாவிலேயே மாடல்களை இறக்கி விற்கும் கடையில் கிடைத்தால், விலை கூடுதலாகத் தெரிந்தாலும், இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எனக்கு அந்த மாடல் அங்கே கிடைக்கவில்லை, அதனால் கட்டினேன். வருத்தம் இல்லை.

மே மாதம் ஒரு சனிக்கிழமை பெட்டி வந்தது. திறப்பதை முழுக்க வீடியோ எடுத்தேன். உடைந்திருந்தால் மாற்றுப் பொருள் கேட்க அதுதான் ஆதாரம். பிளாஸ்டிக் அச்சில் இருந்து வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, மெல்லிய ஆன்டெனாக்கள் போய்விடும். வயிற்றுப் பக்கம் இரண்டு விரலால் ஏந்தி எடுத்தேன். சக்கரம் ஒவ்வொன்றையும் சுற்றிப் பார்த்தேன், நான்கு எஞ்சினும் நேராக இருக்கிறதா என்று முன்னால் இருந்து பார்த்தேன். இடது இறக்கையின் ஓரத்தில் கடுகளவு பசை தெரிந்தது, அவ்வளவுதான்.

அந்த ஜன்னல்களைச் சொல்லியாக வேண்டும். ஏர் இந்தியா தன் ஜம்போக்களை வானத்து அரண்மனை என்று சொல்லிக்கொண்டது, ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் ராஜஸ்தானத்து மாடங்களின் வளைவைச் சிவப்பில் தீட்டியிருந்தது. இந்த அளவில் ஒரு ஜன்னலின் உயரம் ஒரு மில்லிமீட்டர். அதைச் சுற்றி வளைவு, வளைவின் நடுவில் கூர்முனை. வரிசை முழுக்க ஒன்றுகூடக் கோணவில்லை. பூதக்கண்ணாடி வைத்து ஒரு பக்கம் முழுவதும் பார்த்து முடித்தேன்.

அப்புறம் அப்பாவிடம் கொண்டுபோனேன். அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, மாடலை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், மூக்குப் பக்கம் பெயரைத் தேடினார்.